எல்.எல்.ஆர். எடுத்த மகள், தம்பி பேரில் இருக்கும் கார்: இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

சமாதானபுரத்தான்

எல்லாருக்கும் வணக்கம். மூத்த மகளுக்கு எல்.எல்.ஆர்., அதான் பழகுநர் லைசென்ஸ், வந்துட்டு. கங்கைகொண்டான் சிப்காட்டுல வேலை. பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்காம கார்லயே போயிட்டு வரணும்னு அவளுக்கு ஆசை. டிரைவிங் ஸ்கூல்ல சேத்தாச்சு. ஸ்கூல் வண்டி போக, சாயங்காலம் நம்ம வண்டியிலயும் நான் பக்கத்துல உக்காந்து பழக்கிவிடலாம்னு நினைக்கேன். எனக்கு லைசென்ஸ் உண்டு, தினமும் ஓட்டுதவன்தான்.

வண்டி தூத்துக்குடியில இருக்க என் தம்பிகிட்ட வாங்குனது. 1200 சிசி பெட்ரோல். பணம் கொடுத்தாச்சு, வண்டி நம்ம வீட்டு வாசல்ல நிக்கி. ஆர்.சி. புக்கும் இன்சூரன்ஸும் அவன் பேர்லதான் இருக்கு. பாலிசி இன்னும் முடியலை.

எல்.எல்.ஆர். வச்சிருக்கவ ஓட்டும்போது எங்கயாவது இடிச்சா இன்சூரன்ஸ் உண்டா? புதுசா ஓட்டுதவன்னு கம்பெனிக்குச் சொல்லணுமா, சொன்னா பிரீமியம் கூடுமா? பேர் மாத்தாம இருக்கதால இதுல ஏதும் சிக்கல் வருமா? ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆலங்குளத்தான்

எல்.எல்.ஆர்.னா இன்சூரன்ஸ் கெடையாது அண்ணாச்சி. எங்க சொந்தத்துல ஒரு பையன் மாறாந்தை பக்கம் தனியா போயி புளியமரத்துல விட்டுட்டான். முன்பக்கம் பூரா போச்சு. கம்பெனி ஒரு பைசா தரலை. கைக்காசு போட்டுத்தான் பட்டறையில இருந்து வண்டிய எடுத்தாவ. டி.எல். வர்ற வரைக்கும் சொந்த வண்டியக் குடுக்காதிய.

சிந்துபூந்துறை சர்வேயர்

ரொம்ப காலம் மோட்டார் கிளெய்ம் பார்த்தவன் என்கிற முறையில் சொல்லுதேன். "எல்.எல்.ஆர்.னா இன்சூரன்ஸ் இல்லை" என்பது சரியில்லை. "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, யார் ஓட்டினாலும் தருவான்" என்பதும் சரியில்லை.

சமாதானபுரத்து அண்ணாச்சி, உங்க பாலிசியை எடுத்து "டிரைவர்" என்று ஒரு பத்தி இருக்கும், அதைப் படியுங்க. ஓட்டுகிறவர் செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று முதலில் இருக்கும். அடுத்த வரியிலேயே, எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் ஓட்டலாம், ஆனால் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3-வது விதிப்படி ஓட்ட வேண்டும் என்று இருக்கும். தனியார் கார் பாலிசியில் எந்தக் கம்பெனியானாலும் இந்த வாசகம்தான். இங்கே எல்லாம் அந்த 3-வது விதியில்தான் நிற்கிறது.

அந்த விதி கேட்பது இவ்வளவுதான். எல்.எல்.ஆர். தேதி முடியாமல் இருக்க வேண்டும். ஆறு மாதம்தான் அதன் ஆயுள். அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும், அவரும் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் வெள்ளையில் சிவப்பு எல் போர்டு வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் உங்க மகள் ஓட்டும்போது இடித்தாலும், நீங்க ஓட்டும்போது இடித்ததைப் போலத்தான் கிளெய்மைப் பார்ப்பார்கள்.

மூன்றில் ஒன்று இல்லையென்றால் பாலிசி நிபந்தனையை மீறியதாக ஆகிவிடும். சர்வேயர் முதலில் கேட்பதே "யார் ஓட்டினது, கூட யார் இருந்தது" என்றுதான். பின் சீட்டில் படுத்துத் தூங்கின மாமாவைக் காட்டி "கூட ஆள் இருந்தது" என்று சொன்ன கிளெய்ம்களையும் பார்த்திருக்கேன், நிற்காது. எல் போர்டைப் பலர் போலீஸுக்குப் பயந்து ஒட்டுதாவ. போலீஸ் அபராதம் ஒருநாள் கஷ்டம். கிளெய்ம் போச்சுன்னா ஒரு வீட்டின் சேமிப்பே போயிரும்.

ஆலங்குளத்துத் தம்பி, உங்க உறவுக்காரப் பையன் தனியாகத்தானே போனான்?

ஆலங்குளத்தான்

ஆமா அண்ணாச்சி, தனியாத்தான். போர்டும் இல்ல. எல்.எல்.ஆர். இருந்ததாலதான் தரலைன்னு வீட்ல எல்லாரும் நம்பிக்கிட்டு இருக்காவ. நீங்க சொல்லுத கணக்குப்படி, பக்கத்துல அவங்க அப்பா இருந்திருந்தா கெடச்சிருக்குமோ?

சிந்துபூந்துறை சர்வேயர்

அப்பாவுக்கு லைசென்ஸ் இருந்து, முன் சீட்டில் இருந்து, போர்டும் இருந்திருந்தால் எல்.எல்.ஆரைக் காரணம் காட்டி மறுத்திருக்க முடியாது.

ஹைகிரவுண்டு வக்கீல்

சர்வேயர் ஐயா சொன்னது நம் வண்டிக்கு ஆகும் சேதத்தைப் பற்றியது. எதிரே வந்தவருக்கு அடிபட்டால் கதை வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நபர் விஷயத்தில் 2004-ம் ஆண்டு சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எல்.எல்.ஆரும் சட்டத்தின் பார்வையில் லைசென்ஸ்தான். ஓட்டியவர் பழகுநர் என்பதை மட்டும் சொல்லி, அடிபட்டவருக்குப் பணம் தராமல் கம்பெனி ஒதுங்க முடியாது. நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும், அந்த மீறல்தான் விபத்துக்கு அடிப்படைக் காரணம் என்று காட்டும் பொறுப்பு கம்பெனியுடையது.

இதைக் கேட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். அதே தீர்ப்பில் இன்னொரு பாதியும் இருக்கிறது. மீறல் நிரூபணமானால், கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். ஒரு உயிர் போன வழக்கில் இழப்பீடு லட்சக்கணக்கில் போகும். பிள்ளை தனியாக ஓட்டிப் போன ஒரு சாயங்காலத்துக்காக, வீட்டு மனையை விற்றுக் கட்டும் நிலை வரலாம்.

இங்கேதான் உங்கள் ஆர்.சி. விஷயம் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அந்த வண்டி ஒருவர் மாற்றி ஒருவராகக் கைமாறியிருந்தது. ஆனாலும் பெயர் மாற்றாததால் ஆர்.சி.யில் இருந்தவரே பொறுப்பு என்று தீர்ந்தது. உங்கள் மகள் பாளையங்கோட்டையில் ஒருவரை இடித்தால், தீர்ப்பாய நோட்டீஸ் தூத்துக்குடியில் இருக்கும் உங்கள் தம்பி வீட்டுக்குப் போகும். வண்டியைக் கொடுத்ததைத் தவிர அவர் ஒன்றும் செய்திருக்க மாட்டார்.

நம் வண்டிச் சேதத்துக்கும் இது தொல்லைதான். பெயர் மாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு 157-வது பிரிவின்படி தானாகவே புது உரிமையாளரோடு வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான பகுதி அப்படி வராது, கம்பெனியிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். 1996-ல் கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. வண்டி ஒருவர் பெயரிலும் பாலிசி இன்னொருவர் பெயரிலும் கிடந்தால் பட்டறை பில்லுக்கு வழியில்லை.

சமாதானபுரத்தான்

வக்கீல் சார், இவ்வளவு விவரம் இதுல இருக்குன்னு இப்பத்தான் தெரியுது. அண்ணன் தம்பிக்குள்ள எதுக்கு இந்தப் பேப்பரெல்லாம்னு வீட்ல கேக்காவ. அவனுக்கு நோட்டீஸ் போகும்னு சொன்னதும் என் வீட்டுக்காரி, நாளைக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போங்கங்கா.

பாலிசில என்.சி.பி., அதான் கிளெய்ம் வாங்காததுக்குத் தர்ற கழிவு, 45 சதவீதம்னு போட்டிருக்கு. அதுவும் வண்டியோட நமக்கு வந்துருமா?

சிந்துபூந்துறை சர்வேயர்

வராது அண்ணாச்சி. என்.சி.பி. ஆளுக்குச் சொந்தம், வண்டிக்குச் சொந்தமில்லை. கிளெய்ம் இல்லாமல் ஓட்டினது உங்க தம்பி, அதனால் அந்தக் கழிவு அவருக்குத்தான். கம்பெனியில் என்.சி.பி. சான்று வாங்கி வைத்துக்கொண்டால், மூணு வருஷத்துக்குள் வேற வண்டி எடுக்கும்போது அவர் பயன்படுத்தலாம். பாலிசி உங்க பேருக்கு மாறும்போது அந்தக் கழிவுக்கான வித்தியாசத் தொகையை மீதிக் காலத்துக்கு நீங்க கட்ட வேண்டியிருக்கும். இதை மறைத்து பழைய கழிவோடே ஓட்டிக்கொண்டிருந்தால் கிளெய்ம் நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

29, 30 படிவங்கள் ரெண்டும் நீங்களும் தம்பியும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். பெயர் மாற்றத்துக்கு 14 நாளுக்குள் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துருங்க. நம்பர் டி.என். 69 என்றே இருக்கும், அதில் மாற்றமில்லை.

பிரீமியம் கேட்டிருந்தீங்க. நம்ம நாட்டில் தேர்ட் பார்ட்டி கட்டணம் வண்டியைப் பார்த்துத்தான், ஓட்டுகிறவரைப் பார்த்து இல்லை. 2022 ஜூன் 1-ல் வந்த கட்டணப்படி தனியார் காருக்கு 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 வரை 3,416, அதுக்கு மேல் 7,897. பதினெட்டு வயசுப் பிள்ளை ஓட்டினாலும் அறுபது வயசுக்காரர் ஓட்டினாலும் அதேதான். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் வண்டியின் ஐ.டி.வி. (பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பு), வயது, சிசி, எந்த மண்டலம் என்பதைப் பொறுத்தது. அதனால் "மகள் எல்.எல்.ஆர்." என்று சொல்லித் தனியாகக் கட்ட வேண்டியது இல்லை.

புதுசாப் பழகுகிற வீட்டுக்கு நான் சொல்வது, பம்பர் டு பம்பர் போட்டுக்கோங்க, தேய்மானம் கழிக்காமல் தருகிற காப்பு அது. சாதாரண ஃபுல் இன்சூரன்ஸில் பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்குப் பாதிதான் தருவார்கள். வண்டிக்கு அஞ்சு வயசு தாண்டிட்டுன்னா உலோகத்துக்கும் 40 சதவீதம் கழிச்சிருவாங்க. பழகுகிறவர் இடிப்பது பெரும்பாலும் பம்பரையும் கண்ணாடிக் கூட்டையும்தான், எல்லாம் பிளாஸ்டிக். வண்டி ரொம்பப் பழசா இருந்தா பம்பர் டு பம்பர் தர யோசிப்பார்கள், கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம்ம பக்கம் எத்தனை கார் தண்ணிக்குள் கிடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு வண்டிக்கு ஒண்ணும் கிடையாது. ஃபுல் இருந்தாலும், தண்ணி ஏறின வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து இன்ஜின் போனால், இன்ஜினுக்கான தனிக் காப்பு இல்லாமல் கிளெய்ம் கிடைப்பது கஷ்டம். ஓட்டப் பழகும்போதே பிள்ளைக்குச் சொல்லி வையுங்க: தண்ணிக்குள்ள நின்ன வண்டியில சாவியே போடக் கூடாது, கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டு போகணும்.

லெஸ்டர் நெல்லைக்காரி

இங்கிலாந்துல நர்ஸா இருக்கேன், சொந்த ஊர் முக்கூடல். இங்க உள்ள முறையச் சொல்லுதேன், படிக்க வர்ற பிள்ளைங்க வீட்ல யாருக்காவது உதவும்.

இங்க பழகுநர் லைசென்ஸுக்கு புரோவிஷனல்னு பேரு. 17 வயசுல கார் ஓட்டலாம். பக்கத்துல இருக்கவருக்கு 21 வயசு ஆகியிருக்கணும், முழு லைசென்ஸ் எடுத்து மூணு வருஷமும் ஆகியிருக்கணும். நம்ம ஊர் விதியில அப்படி வயசோ அனுபவமோ கேக்கலை, லைசென்ஸ் இருந்தாப் போதும். போன வாரம் டி.எல். வாங்குன அண்ணன் தங்கச்சிக்குச் சொல்லிக் குடுக்கலாம்னு ஆகுது. அது எனக்குச் சரியாப் படலை.

இன்சூரன்ஸ் இங்க ஓட்டுத ஆளைப் பாத்துத்தான். பாலிசியில பேர் இருக்கவங்கதான் ஓட்ட முடியும். புதுசா ஓட்டுத சின்னப் பிள்ளைங்களுக்கு பிரீமியம் மலைக்கிற அளவுக்கு இருக்கும். அதைக் குறைக்க, பிள்ளை ஓட்டுத வண்டிய அப்பாதான் பெரும்பாலும் ஓட்டுதாருன்னு எழுதிக் குடுத்தா மோசடியாகிரும். டெஸ்ட் பாஸ் பண்ணி ரெண்டு வருஷத்துக்குள்ள தப்புக்குப் போடுத தண்டனைப் பாயிண்ட் ஆறு வாங்கிட்டா லைசென்ஸ் போயிரும், திரும்ப புரோவிஷனல்ல இருந்து ஆரம்பிக்கணும். துணை இல்லாம பழகுநர் ஓட்டினா அந்த ஒரே தடவையிலயே ஆறு பாயிண்ட் வரை போடலாம், ஆயிரம் பவுண்டு வரை அபராதமும் உண்டு.

நம்ம ஊர் முழு லைசென்ஸோட வந்தா, இங்க குடியேறின நாள்ல இருந்து 12 மாசம் ஓட்டலாம். அதுக்கு அப்புறம் நேரா மாத்தித் தர மாட்டாவ, புரோவிஷனல் எடுத்து எழுத்துத் தேர்வு, ரோட்டுத் தேர்வு ரெண்டும் எழுதணும். எல்.எல்.ஆர். வச்சு இங்க ஓட்ட முடியாது. வெளிநாடு கிளம்புத பிள்ளைங்க டி.எல். கைக்கு வாங்கிட்டே வாங்க.

சமாதானபுரத்து அண்ணாச்சி, மகளைப் பழக்கணும்னு நீங்களே பக்கத்துல உக்காரணும்னு நினைச்சிருக்கிய, அதுவே பெரிய காரியம்.

வள்ளியூர் பயிற்சியாளர்

டிரைவிங் ஸ்கூல்ல பழக்குதவன் நான். லெஸ்டர் அக்கா சொன்னதுல எனக்கும் உடன்பாடு. பக்கத்துல உக்காருதவர் தினம் ஓட்டுதவரா இருக்கணும்.

"கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடம்"னு விதி சொல்லுது பாருங்க, அதை எல்லாரும் லேசா எடுத்துக்கிடுதாவ. எங்க வண்டியில டபுள் கண்ட்ரோல் இருக்கும், என் கால் பிரேக்லயே இருக்கும். சொந்த வண்டியில அது கட்டாயமில்லை. ஆனா அப்பா கைக்கு ஹேண்ட் பிரேக் எட்டணும். பழைய இழுவை ஹேண்ட் பிரேக்னா நல்லது. வலது கையை அது மேலயே வச்சிருங்க, மடியில செல்போன் இருக்கக் கூடாது. புது வண்டிகள்ல பட்டன் பிரேக் வருது. ஓடிக்கிட்டு இருக்கும்போது அந்தப் பட்டனப் பிடிச்சா எப்படி நிக்குதுன்னு வண்டியோட புத்தகத்துல பாத்துட்டு, ஆளில்லாத இடத்துல ஒரு தடவை மெதுவாப் பழகிப் பாத்திருங்க.

எல்.எல்.ஆர். தந்து 30 நாள் கழிச்சுத்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால ஓட்டிக் காட்ட முடியும். அந்த ஒரு மாசத்த வீணாக்காம, ஸ்கூல் வண்டியில கிளட்ச், கியர், ரிவர்ஸ் கைக்கு வந்த பொறகு சொந்த வண்டிக்கு வரட்டும். முதல் நாளே சொந்த வண்டியில ஆரம்பிக்காதிய.

எங்க ஓட்டுததுன்னும் யோசிக்கணும். டவுன் ரத வீதிப் பக்கமும் வண்ணாரப்பேட்டையும் கடைசியா வச்சிக்கிடுங்க. குத்தாலம் சீசன் நேரத்துல தென்காசி ரோட்டுக்குப் பழகுதவங்கள அனுப்பவே மாட்டேன். நாலுவழிச் சாலையில எல் போர்டு வண்டி போகக் கூடாதுன்னு சட்டம் இல்ல. ஆனாலும் பணகுடி தாண்டி காவல்கிணறு பக்கம் ஆடிக்காத்து அடிக்கும் பாருங்க, காத்தாலைக் காத்தாடி சுத்துத பக்கம். லாரிய முந்தும்போது அதோட மறைவுல காத்து நிக்கும், லாரியத் தாண்டின உடனே பக்கவாட்டுல ஒரு தள்ளு தள்ளும். ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிச்சு பதட்டத்துல வெட்டிருவாங்க. அந்த ரோட்ட டி.எல். வாங்கின பொறகு, அப்பா கூட இருக்கும்போது காட்டுங்க.

டி.எல். வந்த அன்னைக்கே தனியா அனுப்பலாம்னு சட்டம் சொல்லுது. நம்ம நாட்டுல புது டிரைவருக்குன்னு தனிக் கட்டுப்பாடு இல்ல. நான் பழக்கின பிள்ளைங்ககிட்ட, இன்னும் கொஞ்ச நாள் அப்பாவ கூட்டிட்டுப் போன்னுதான் சொல்லுவேன்.

பேட்டை பையன்

அண்ணே, பள்ளிக்கூட மைதானம் மாதிரி இடத்துல ஓட்டினா லைசென்ஸும் வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம்னு சொல்லுதாங்களே?

ஹைகிரவுண்டு வக்கீல்

மைதானம் என்ற பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள் தம்பி. பொதுமக்கள் போக உரிமையுள்ள எந்த இடமும் சட்டத்தில் பொது இடம்தான், அது பாதையாக இருக்க வேண்டும் என்றில்லை. சாயங்காலம் பிள்ளைகள் விளையாடுகிற, பெரியவர்கள் நடக்கப் போகிற திடலில் ஒருவருக்கு அடிபட்டால் "இது ரோடு இல்லை" என்ற வாதத்தை நம்பி நிற்க முடியாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவருக்கு 181-வது பிரிவில் 5,000 ரூபாய் அபராதம், ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்கு 180-ல் 5,000. சிறைக்கும் இடமுண்டு. 18 வயது ஆகாத பிள்ளை என்றால் 199ஏ பிரிவு. பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாயும் மூன்று வருடம் வரை சிறையும், அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கிடையாது.

அம்பை அம்மா

எங்க வீட்ல கார் என் பேர்ல இருக்கு, ஓட்டுதது மகன். எனக்கு லைசென்ஸ் இல்ல. 15 லட்சம் விபத்துக் காப்பீடுன்னு ஒண்ணு கட்டணும்னு ஏஜென்ட் சொன்னாரு. அது மகனுக்கும் சேருமா?

சிந்துபூந்துறை சர்வேயர்

சேராதும்மா. அது ஆர்.சி.யில் பேர் உள்ளவர், அவரே லைசென்ஸும் வைத்திருந்தால் மட்டும்தான். உங்களுக்கு லைசென்ஸ் இல்லாததால் அதை உங்க பேரில் போடவே கூடாது, போட்டாலும் பலனில்லை. மகன் பேரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீட்டு பாலிசி எடுங்க.

சமாதானபுரத்து அண்ணாச்சிக்கும் இது பொருந்தும். வண்டி உங்க பேருக்கு மாறினால் அந்த 15 லட்சம் உங்களுக்கு மட்டும். மகளுக்குத் தனியாகத்தான் பார்க்கணும். பக்கத்தில் உட்காருகிறவருக்கும் கவனம் வேணும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் கார் உள்ளே இருப்பவர்களுக்கு வழியில்லாமல் போயிரும். பேக்கேஜ் பாலிசியில், அதாவது ஃபுல் இன்சூரன்ஸில், அவர்களும் அடங்குவார்கள் என்று 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. பழக்கிக் கொடுக்கப் பக்கத்தில் உட்காருகிற அப்பாவுக்காகவாவது பேக்கேஜ் பாலிசியே வைத்திருங்க.

சமாதானபுரத்தான்

எல்லாருக்கும் நன்றி. தம்பிகிட்ட பேசிட்டேன், ஞாயித்துக்கிழமை வந்து படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்னுட்டான். என்.சி.பி. சான்றும் அவன் பேருக்கே வாங்கிக் குடுத்துருதேன். ஆர்.சி.யும் பாலிசியும் மாறுத வரைக்கும் மகள் ஸ்கூல் வண்டியில மட்டும் ஓட்டட்டும்னு சொல்லியாச்சு. அவளுக்குக் கொஞ்சம் வருத்தந்தான், ஆனா சித்தப்பா பேர்ல கேஸ் வரும்னு சொன்னதும் புரிஞ்சிக்கிட்டா.

எல் போர்டுக்கு அளவு ஏதும் இருக்கா? கடையில சின்ன ஸ்டிக்கரா தந்தான்.

வள்ளியூர் பயிற்சியாளர்

உண்டு அண்ணாச்சி. போர்டு 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் தடிமன், அடியில 9 சென்டிமீட்டர் அகலம் வேணும். அந்தச் சின்ன ஸ்டிக்கர் பத்தாது. பின் கண்ணாடியில ஒட்டினா உங்களுக்குப் பின்னால வர்றது மறையாம ஓரத்துல ஒட்டுங்க. முன்னால பம்பருக்கு மேல, நம்பர் பிளேட்ட மறைக்காம.